மேளம் இல்லாத முகூர்த்தம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் யுத்த காலத்துப் பேச்சு எப்படியும் வந்துவிடும். மண்ணெண்ணெய் கிடைக்காமல் இருட்டில் தட்டைத் தடவிச் சாப்பிட்டதை ஒருத்தர் சொல்வார். ரேஷனில் வாங்கிய ஒரே துணியில் அக்கா, தங்கை, சித்தி மகள் எல்லோருக்கும் பாவாடை தைத்துப் போட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் போனதை இன்னொருத்தி சொல்வாள். நானும் இதையெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் யுத்தம் என்றதும் எனக்குள் முதலில் வந்து நிற்பது, யுத்தம் முடிந்த அடுத்த வருடம் எங்கள் வீட்டில் நடந்த கல்யாணம். ஏற்கெனவே கல்யாணம் ஆன புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் மறுபடி நடந்த கல்யாணம். உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்பட்டதில் பாதி தப்பு. விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான், அதனால் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சின்னமனூருக்குத் தெற்கே, ஆற்றை ஒட்டி. மாமா என்றால் என் அம்மாவுடன் பிறந்த தம்பி. அவர் பட்டாளத்துக்குப் போனபோது நான் இடுப்பில் இருந்த பிள்ளை. சிங்கப்பூர் விழுந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிறகு ஆள் போய்விட்டதாகச் செய்தி வந்தது. தாத்தா, அதாவது மாமாவின் அப்பா, உடம்புக்குப் பதிலாக மாமா உடுத்திய வேட்டி ஒன்றை ஆற்றங்கரையில் எரித்துக் கருமாதியும் செய்து முடித்தார். அத்தையின் தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். அத்தை வெள்ளைச் சேலையோடு வடுகபட்டிக்கு, அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

வைகாசி மாதம் ஒரு மத்தியானம் மாமா வந்து இறங்கினார்.

அந்தக் காலத்து பஸ் உங்களுக்கு நினைவிருக்கும், பெட்ரோல் இல்லாமல் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடிய பஸ். அது தேனியிலிருந்து வருவதற்குள் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் கரிமூட்டைக்காரர்களாகிவிடுவார்கள். அப்படி ஒரு கரி முகத்தோடு, காக்கிச் சட்டையும் தகரப் பெட்டியுமாக ஒருவர் எங்கள் வாசலில் நின்றார். அம்மா கத்திக்கொண்டு ஓடினாள். தாத்தா அவளைத் தடுத்து, வாசற்படியில் கையை விரித்து நின்றுகொண்டு, உள்ளே வராதே என்றார்.

மகன் மேல் பாசம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கண்ணிலிருந்து நீர் தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. கருமாதி செய்து அனுப்பிய ஆள் தலைவாசல் வழியாக வரக்கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லி வைத்திருந்தது அப்போது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. செத்தவன் திரும்ப வேண்டுமென்றால் பிறந்துதான் வரவேண்டும். ஆகவே மாமாவைக் கொல்லைப்புறமாகத் தொழுவத்துக்குக் கூட்டிப்போய், மஞ்சள் தண்ணீர் ஊற்றி, தானியம் புடைக்கிற பெரிய சுளகு ஒன்றில் தவிட்டைப் பரப்பி அதில் உட்கார வைத்தார்கள். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்து பிறக்கும் பிள்ளையைச் சுளகில் தவிட்டின் மேல் கிடத்தி, குப்பை என்றோ பிச்சை என்றோ பெயர் வைப்பது உங்களுக்குத் தெரியும். எமனுக்கு அது வேண்டாத பொருளாகத் தெரியட்டும் என்று செய்வது. தாத்தா அதையே முப்பது வயது மகனுக்குச் செய்தார். அந்த மாதிரியே ஒரு பெயரும் வைத்தார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். மாமா உத்தரவு வாங்கிக்கொள்கிற மாதிரி "சரிங்கய்யா" என்று மட்டும் சொன்னார். காக்கிக் கால்சட்டையில் தவிடு ஒட்டியிருக்க, சுளகில் குந்தியிருந்த அவரைப் பார்த்து நாங்கள் பிள்ளைகளெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பிறந்த பிள்ளை என்று சொன்னதோடு விடவில்லை. பிள்ளையாகவே நடத்தினார்கள். அம்மா அவருக்குச் சோற்றைக் குழைத்துப் போட்டாள். குடத்தைத் தூக்கப் போனால் பிடுங்கிக்கொண்டாள். அரிவாள் கூரை எறவாணத்தில் அவர் கைக்கு எட்டாத மூலைக்குப் போனது. வயலுக்குக் கிளம்பினால் தாத்தா, "சும்மா இங்கன உக்காருய்யா, ஒடம்பு தேறட்டும்" என்பார். எல்லாம் அன்புதான். அன்பு இல்லை என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

மாமாவுக்குச் சத்தம் ஆகவில்லை. ஆனி பிறந்ததும் நம் பக்கத்துக் காற்று எப்படி வரும் என்று சொல்லவேண்டியதில்லை. தொழுவத்துக் கூரைத் தகரம் படபடவென்று அடிக்கும்போதெல்லாம் அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார். கை நடுங்கத் தொடங்கினால் வெகுநேரம் நிற்காது. வீட்டுப் பித்தளை டம்ளரைத் தொடமாட்டார். ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்த இடத்திலிருந்து கொண்டுவந்த, வாய் பெயர்ந்த ஓர் எனாமல் குவளை வைத்திருந்தார், நீலநிறம், அடியில் ஏதோ எழுதியிருக்கும். கஞ்சியோ காப்பியோ அதில்தான் குடித்து, அவரே கழுவி, தொழுவத்து மாடத்தில் கவிழ்த்து வைப்பார். தெருவில் எதிரே யார் வந்தாலும், எனக்குச் சமமான பிள்ளை வந்தாலும்கூட, ஒதுங்கி நின்று வழிவிட்டார். சண்டைக் கதை கேட்க வந்த பெரியவர்களிடம், தான் ஒன்றும் செய்யவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். காற்றுக்கருப்பு என்றார்கள், காடு மாறிய தோஷம் என்றார்கள். இப்போது டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பதாக என் பேத்தி சொல்கிறாள். வைத்திருக்கட்டும், நல்லதுதான்.

வடுகபட்டிக்கு ஆள் போய் அத்தை வந்து சேர்ந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை, கையில் வளையல் இல்லை, ஒரு கட்டு வெற்றிலை மட்டும் இருந்தது. புதிதாகத் தாலி கட்டியாகவேண்டும், ஆனிக்குள் கட்டியாகவேண்டும், ஆடி வந்தால் முடியாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது மாமா வந்து எதிரே குந்தினார். தனக்கு மாலை எதற்கு என்று கேட்டார். குண்டு விழுந்துகொண்டிருந்தபோது போடிப் பக்கத்துச் சிநேகிதன் ஒருவன் காலில் அடிபட்டுக் கிடந்து இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். இவர் பள்ளத்துக்குள் ஓடிவிட்டாராம்.

"நான் ஓடுனவன்க்கா. எனக்கு ஒரு பொம்பளை கழுத்து நீட்டலாமா?"

அம்மா அவர் வாயைத் தன் கையால் பொத்தினாள். எண்ணெய்க் கை. இப்போதுதான் பிறந்து வந்திருக்கிறாய், செத்த பேச்சுப் பேசாதே என்றாள். அந்தக் கதையை முழுசாகக் கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. மாமா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். என் தலைமுடியோடு சேர்த்து அம்மா என்னையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

முகூர்த்தத்துக்கு உத்தமபாளையத்திலிருந்து மேளக்காரர்கள் வந்தார்கள். தாத்தா ஒரு தவில் போதாது என்று இரண்டு தவில் சொல்லியிருந்தார். "கன்னுக்குட்டிய வண்டிக்குப் பழக்குற மாதிரித்தான். சத்தத்துலயே உக்கார வச்சா சத்தம் பழகிரும்" என்று பந்தலுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் விளக்குப் பிடித்துக்கொண்டு மணைக்குப் பின்னால் நின்றேன். நாதஸ்வரம் வாசிக்கிறவரைக்கும் மாமா சமாளித்தார், கழுத்தில் வியர்வை ஓடினாலும் சமாளித்தார். மஞ்சள் கயிற்றை எடுத்து அத்தை கழுத்துப் பக்கம் கொண்டுபோனார். யாரோ கெட்டிமேளம் என்று கையைத் தூக்கினார்கள். இரண்டு தவிலும் ஒன்றாக இடித்தன.

தாலி அரிசித் தட்டில் விழுந்தது. மாமா அத்தையின் தலையைப் பிடித்து மணையிலிருந்து தரையில் தள்ளி, அவள் மேல் தானும் குப்புற விழுந்தார். என் கையிலிருந்த விளக்கு சரிந்து எண்ணெய் பாவாடையில் ஊற்றியது. மேளக்காரர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரிய நேரமாயிற்று. அவர்கள் நிறுத்தும் வரைக்கும் மாமா எழுந்திருக்கவில்லை. நிறுத்திய பிறகு எழுந்தார், எல்லோரையும் பார்த்தார், தொழுவத்துக்குள் போய்விட்டார். பந்தலில் ஒருவன், மாப்பிள்ளைக்கு அம்புட்டு அவசரமா என்றான். சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். அத்தை தலையில் ஒட்டிய அரிசியைக்கூடத் தட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு தாத்தா ஒரு வழி கண்டுபிடித்தார். மாப்பிள்ளை வரமுடியாத இடத்தில் இருந்தால் அவனுடைய அக்காவோ தங்கையோ அவனுக்காகத் தாலி கட்டுவது நம் பக்கத்தில் சில வீடுகளில் இருந்த வழக்கம். அதன்படி ஆவணியில் என் அம்மா தாலி கட்டட்டும், மாமா தொழுவத்திலேயே இருக்கட்டும், அவரைப் போட்டு வதைக்கவேண்டாம் என்றார். அம்மாவும் தம்பிக்கு நல்லது என்று சம்மதித்தாள். மாமாவை யாரும் கேட்கவில்லை. வீட்டுக் கொல்லையில் இருக்கிற மனிதருக்கு, ஊரில் இல்லாதவர் என்று கணக்கு வைத்துக் கல்யாணம் நடத்தப் போனார்கள்.

நடுவில் ஆடி வந்து இன்னொரு வேடிக்கை. புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவேண்டும். அத்தை புதுப்பெண்ணா இல்லையா என்று பெரியவர்கள் இரண்டு பொழுது விவாதம் செய்தார்கள். தாலி ஏறவில்லை, அதனால் பெண்டாட்டி இல்லை. பெண்டாட்டி இல்லை என்பதால் புதுப்பெண்ணும் இல்லை. ஆகவே இருக்கலாம், ஆனால் புருஷனோடு தனியாகப் பேசக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒன்பது வயதான என்னை வைத்தார்கள். அத்தை தொழுவத்துக்குக் கஞ்சி கொண்டுபோனால் நானும் பின்னாலேயே போய் நடுவில் உட்கார்ந்துகொள்வேன்.

அப்படி ஒரு நாள், ஆடி பிறந்த புதிதில். வெளியே காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது, மேகமலை தெரியவில்லை. மாமா சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்திருந்தார். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, அன்றைக்குப் பந்தலில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். ஊரே சிரித்ததே, பயந்து விழுந்தேன் என்றார் மாமா.

"விழுந்தீக. எங்கன விழுந்தீக?"

மாமா சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.

"எம் மேல விழுந்தீக. தொழுவம் பின்னாடி தெறந்துதான கெடந்துச்சு, ஓடணும்னா ஓடியிருக்கலாம்ல. எந் தலை தரையில அடிக்கல. தலைக்கும் தரைக்கும் நடுவுல உங்க கை இருந்துச்சு."

பிறகு என்னைத் தாண்டிக் கையை நீட்டி, மாமாவின் வலது கையை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். புறங்கையில் விரல் முட்டி நாலிலும் தோல் பெயர்ந்து, பொருக்கு கட்டி இருந்தது. அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. இத்தனை நாளும் அவர் அதைப் பார்க்கவே இல்லை.

மாமா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு அவன் கூப்புட்டான். நான் போகல" என்றார்.

"அத நான் பாக்கல. இத நான் பாத்தேன்" என்றாள் அத்தை.

மாமா அழுதார் என்று சொன்னால் உங்களுக்கு நிறைவாக இருக்கும். அவர் அழவில்லை. அந்தச் சிநேகிதனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவன் எப்படிச் சிரிப்பான், எந்தப் பாட்டைத் தப்பாகப் பாடுவான், கடைசியில் எந்தக் குரலில் கூப்பிட்டான், எல்லாவற்றையும் சொன்னார். அத்தை அவர் வாயைப் பொத்தவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. கீரை முழுவதும் உருவி முடிந்து, காம்புகளைக் கையில் வைத்து ஒடித்துக்கொண்டே கேட்டாள். எனக்குக் கால் மரத்துப்போனது, ஆனாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மாமா யாரையும் கேட்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்த் தண்ணீர் திறந்துவிட்டு வந்தார். வந்து காலைக்கூடக் கழுவாமல் தாத்தா முன்னால் நின்று, அக்கா தாலி கட்டவேண்டாம், தானே கட்டுவதாகச் சொன்னார். தாத்தா பதறிவிட்டார். மறுபடி மேளம், மறுபடி ஊர்ச் சிரிப்பு, இந்த உடம்பு தாங்குமா என்றார். அது மாமாவுக்கும் தெரியாதே.

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை, தாலி ஏறுகிற நேரத்துக்கு மட்டும் மேளம் வேண்டாம் என்றாள். தாத்தா திடுக்கிட்டார். தாலி கட்டும்போது கெட்டிமேளம் வாசிப்பதே, யாராவது தும்மினாலும் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாலும் பெண் காதில் விழாமல் இருப்பதற்குத்தான். அது இல்லாமல் எப்படித் தாலி கட்டுவது? ஏதாவது காதில் விழுந்துவிட்டால்?

அத்தை கதவைத் தாண்டி வெளியே வந்தாள். மாமனார் முன்னால் அவள் அப்படி நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அவுக செத்துட்டாகன்னே இந்தக் காதால கேட்டுட்டேன் மாமா. அதுக்கு மேல ஒரு கெட்ட சொல்லு என்ன இருக்கு, எங் காதுல விழ?"

தாத்தா துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் அதைப் பற்றி மறுபேச்சு இல்லை.

மாமா குணமாகிவிட்டார் என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். கடைசிவரைக்கும் தீபாவளி நெருங்கினால் அவரும் அத்தையும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மேகமலைப் பக்கம், வெடிச்சத்தம் எட்டாத ஏதாவது ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அவர்கள் பிள்ளைகள் எங்களோடு வீட்டில்தான் தீபாவளி கொண்டாடினார்கள். அந்த எனாமல் குவளை எப்போது காணாமல் போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பார்த்தால் மாடத்தில் இல்லை, மாமா டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தார்.

ஆவணியில் காற்று தணிந்திருந்தது. முன்பு சிரித்தவர்களும் வந்திருந்தார்கள், வராமல் இருப்பார்களா? அம்மா வீடுவீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மாடுகளின் கழுத்துமணியைக் கழற்றினார்கள். அழுகிற பிள்ளைகளை ஆற்றுப் பக்கம் தூக்கிப் போனார்கள். இருமல்காரக் கிழவர்கள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்கள். தவில்காரர் ஒருவர் மட்டும் வந்து, தவிலை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய கூட்டம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மஞ்சள் கயிறு அத்தையின் சேலையில் உரசுவதுகூடக் கேட்டது.

மாமாவின் கை நடுங்கியது. முடிச்சு வழுக்கியது. மறுபடி எடுத்தார், மறுபடி வழுக்கியது. அம்மா பொறுக்கமாட்டாமல் கையை நீட்டினாள், பிறகு அவளே இழுத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து பந்தலின் ஓரத்தில் யாரோ பலமாகத் தும்மினார்கள். கூட்டம் முழுவதும் மூச்சைப் பிடித்தது. அத்தை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, அசையவும் இல்லை. மாமா முடிச்சை இறுக்கினார். பிறகு எல்லாக் கல்யாணத்திலும் அக்கா செய்கிறபடி அடுத்த இரண்டு முடிச்சையும் அம்மா போட்டாள்.

மேளம் இல்லாததால், முடிந்துவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். மாமா நிமிர்ந்து தவில்காரரைப் பார்த்தார்.

"இப்ப வாசிங்கண்ணே."

வேண்டாமய்யா என்று தாத்தா முன்னால் வந்தார். தவில்காரர் தாத்தாவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கோலை எடுக்கவில்லை.

"நான் நடுங்குவேன்யா. ஊருக்கே தெரிஞ்சதுதான. எங் கல்யாணத்துக்கு வந்திருக்காக, மேளம் வாசிக்க வேணாமா? வாசிங்க."

முதல் அடி விழுந்ததும் மாமாவின் உடம்பு முழுவதும் தூக்கிப் போட்டது. அட்சதை விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. மாமா மணையிலிருந்து எழுந்து, அத்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நடுங்குகிற கைகளைக் கூப்பி, வந்தவர்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் நேராகப் பார்த்துக் கும்பிட்டார்.